ஐபிஏல 800 டாலர், ஏஜென்ட் வாயில நாளைக்கு 18 டாலர்: சிங்கப்பூர் பெர்மிட் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஒரத்தநாடு_ஃபிட்டர்

வணக்கம் அண்ணன்களே. ஐடிஐ ஃபிட்டர் முடிச்சிட்டு திருப்பூர்ல ஒரு மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தேன், அப்புறம் சென்னைக்கு போயி சிங்கப்பூர் டெஸ்ட் அடிச்சு பாஸ் ஆயாச்சு. இப்ப ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனில வேலை, ஐபிஏ, அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கு சிங்கப்பூர் கவர்மென்ட் குடுக்குற முன் அனுமதிக் கடிதம், வந்துருச்சுன்னு ஏஜென்ட் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருக்காரு. முதல் பக்கம் மட்டும்தான். அதுல பேசிக் 800 டாலர்னு போட்டிருக்கு. ஆனா அவரு வாயில சொல்றது நாளைக்கு 18 டாலர், மாசம் 26 நாள் வேலை, ஓட்டி (ஓவர்டைம்) இருந்தா தனி. ஏண்ணே இப்படின்னு கேட்டா "அது கவர்மென்ட்டுக்கு காட்டுறதுக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்க, நீ கண்டுக்காத"ங்குறாரு.

ஒரு லட்சம் ஏற்கனவே கொடுத்தாச்சு. மிச்சம் ரெண்டரை லட்சம் இந்த வாரமே வேணுமாம், இல்லன்னா வேற ஆளுக்கு மாத்திருவாங்களாம். அப்பா அம்மாவோட நகைய வைக்கலாம், மிச்சத்த வட்டிக்கு வாங்கலாம்னு இருக்காரு. இந்த 800க்கும் 18க்கும் என்ன கணக்கு? நம்பி கட்டலாமா?

துவாஸ்_ஃபோர்மேன்

தம்பி, பணத்த பத்தி அப்புறம் பேசலாம், மொத வேலையா ஐபிஏவோட எல்லா பக்கத்தையும் வாங்கு. ஐபிஏங்குறது ஒத்தப் பக்கம் கெடையாது. தமிழ்லயும் ஒரு காப்பி உண்டு, தொழிலாளிக்குப் புரியிற மொழியில ஐபிஏவ குடுத்துதான் ஆகணும், அதுவும் நீ ஊர்லேர்ந்து ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே உன் கைக்கு வந்துரணும்னு சட்டமே இருக்கு. முதல் பக்கம் மட்டும் அனுப்புறாருன்னா பின்னாடி உள்ளத நீ பாக்க வேணாம்னு நெனைக்கிறாருன்னுதான் அர்த்தம்.

பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதியிருக்கும். அந்தப் பிடித்தம் வரிய நல்லா பாரு. சில கம்பெனி பேசிக் 800 போட்டுட்டு கீழ தங்குமிடம், சாப்பாடுன்னு எரநூறு முந்நூறு கழிச்சிருப்பான். கழிக்கலைன்னா அந்த எடத்துல சைபர் இருக்கும், அப்ப அவன் பின்னாடி ரூம் வாடகைன்னு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட உங்கிட்ட புடிக்க முடியாது.

ரெண்டாவது, அது ஒரிஜினல் ஐபிஏவான்னு நீயே செக் பண்ணலாம். எம்ஓஎம், அதாவது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு, அதோட வெப்சைட்ல ஒர்க் பெர்மிட் ஸ்டேட்டஸ் பாக்குற பக்கம் இருக்கு, பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி மாதிரி விவரம் போட்டா தெரிஞ்சிரும். ஏஜென்ட்ட கேக்கவே வேணாம்.

மன்னை_மேஸ்திரி

துவாஸ் அண்ணன் சொல்றது சரிதான், ஆனா பையன ரொம்ப பயமுறுத்தாதீங்க. எங்க ஊருலேர்ந்து சிங்கப்பூர் போனவன்ல பணம் கட்டாம போனவன் ஒருத்தன் இல்ல. எங்கப்பா காலத்துலயும் கட்டுனாங்க, நானும் கட்டுனேன், என் தம்பியும் கட்டிட்டு இப்ப மூணு வேலி நெலம் ஒத்திக்கு எடுத்துருக்கான். நீ வரி வரியா கேள்வி கேட்டா ஏஜென்ட் உன் ஃபைல ஓரமா வச்சிட்டு அடுத்தவன ஏத்தி விட்டுருவாரு, டெஸ்ட் பாஸ் ஆயி காத்திருக்குறவன் ஆயிரம் பேரு. மொதல்ல உள்ள போ, ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இரு, அப்புறம் நல்ல கம்பெனிக்கு மாறு. எல்லாரும் அப்படித்தான் மேல வந்தாங்க.

தேக்கா_தன்னார்வலர்

மேஸ்திரி அண்ணன் அனுபவத்துல சொல்றாரு, அத நான் மதிக்கிறேன். ஆனா அந்த "கண்டுக்காத"ங்குற ஒரு வார்த்தைய மட்டும் விட முடியல, ஏன்னா ஞாயித்துக்கெழம தேக்காவுல (சிங்கப்பூர் லிட்டில் இந்தியா) நாங்க உக்காந்து எழுதுற சம்பளக் கேஸுல பாதி அந்த எடத்துல ஆரம்பிக்கிறதுதான்.

தம்பி, ஐபிஏல 800 போட்டிருந்தா கம்பெனி உனக்கு 800 பேசிக் கொடுத்தே ஆகணும். அது கவர்மென்ட்டுக்கு காட்டுறதுக்கு இல்ல, கவர்மென்ட்டுக்கு குடுத்த வாக்கு. அதக் கொறைக்கணும்னா உன்னோட எழுத்துபூர்வமான சம்மதம் வேணும், கொறைக்கறதுக்கு முன்னாடியே எம்ஓஎம்க்கும் தெரிவிக்கணும். அதனாலதான் வந்த மறுநாளே சில எடத்துல ஒரு பேப்பர நீட்டி கையெழுத்து போடுன்னு சொல்றாங்க. இங்கிலீஷ்ல இருக்கும், படிக்க டைம் குடுக்க மாட்டான். புரியாத பேப்பர்லயும் வெத்துப் பேப்பர்லயும் கையெழுத்து போடாத, போட்டுத்தான் ஆகணும்னு நெருக்குனா போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க.

இப்ப உன் கணக்குக்கு வருவோம். நாளைக்கு 18னா 26 நாளுக்கு 468. ஓட்டி எப்படி போடுறாங்கன்னு பாரு: மாச பேசிக்க 12ஆல பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்குன 2288ஆல வகுத்தா ஒரு மணி நேர ரேட்டு வரும், ஓட்டிக்கு அதுல ஒன்றரை மடங்கு. 468க்கு மணிக்கு 2.45, ஓட்டி 3.68. 800க்கு மணிக்கு 4.20, ஓட்டி 6.29. சட்டப்படி மாசத்துக்கு 72 மணி நேரம் வரைக்கும் ஓட்டி பாக்கலாம். முழுசா பாத்தேன்னு வச்சுக்க, அவரு சொல்ற கணக்குல 733 வெள்ளி, ஐபிஏ கணக்குல 1253 வெள்ளி. மாசத்துக்கு 520 வெள்ளி வித்தியாசம். ஒரு வெள்ளிய 65 ரூபாய்னு வச்சாலே 33,800 ரூபாய். இது ஏஜென்ட் கண்டுக்காதன்னு சொல்ற தொகை.

ஒரத்தநாடு_ஃபிட்டர்

அண்ணே இந்தக் கணக்க பாத்ததும் தலையே சுத்துது. பேசிக் கொறஞ்சா ஓட்டியும் சேந்து கொறையும்னு எனக்கு தெரியவே தெரியாது. தமிழ் பக்கம் கேட்டுருக்கேன், அனுப்புறேன்னு சொல்லிருக்காரு.

இன்னொண்ணு, கம்பெனியும் நமக்காக கவர்மென்ட்டுக்கு நெறைய கட்டுதாமே, லெவி, பாண்டு, இன்சூரன்ஸ்னு, அதனாலதான் நம்மகிட்ட வாங்குறாங்கன்னு ஏஜென்ட் சொல்றாரு. அது நெசமா?

துவாஸ்_ஃபோர்மேன்

கட்டுறது நெசம், நம்மகிட்ட வாங்குறது தப்பு. ரெண்டையும் சேத்து கொழப்புவாங்க.

கன்ஸ்ட்ரக்‌ஷன்ல 2024 ஜனவரிலேர்ந்து லெவி, அதாவது வெளிநாட்டு ஆள வச்சுக்கிறதுக்கு கம்பெனி கவர்மென்ட்டுக்கு கட்டுற வரி, மாசத்துக்கு ஹையர் ஸ்கில்டு ஆளுக்கு 500 வெள்ளி, பேசிக் ஸ்கில்டு ஆளுக்கு 900. நீ புதுசா வர்றதால 900 கேட்டகிரியில வருவ. அதுபோக ஆளுக்கு 5,000 வெள்ளிக்கு ஜாமீன் பாண்டு, வருஷத்துக்கு கொறஞ்சது 60,000 வெள்ளி கவர் பண்ற மெடிக்கல் இன்சூரன்ஸ், முன்னாடி அது 15,000ஆ இருந்துச்சு, 2023 ஜூலையில ஏத்துனாங்க. இதெல்லாம் மொதலாளி தலையில உள்ள செலவு, ஒரு சல்லி உன் சம்பளத்துலேர்ந்து புடிக்கக் கூடாது. உன்ன வேலைக்கு வச்சுக்கிறதுக்குன்னு கம்பெனிக்காரன் உங்கிட்ட காசு வாங்குனா அது அங்க கிரிமினல் கேஸு, 30,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேத்து.

இன்னொண்ணு தெரிஞ்சுக்க. பெர்மிட்டுக்கு அப்ளை பண்ண கம்பெனி கட்டுற ஃபீஸ் 35 வெள்ளி, பெர்மிட் இஷ்யூ பண்ண 35 வெள்ளி. நீ குடுக்கப் போற மூணரை லட்சத்துல கவர்மென்ட்டுக்கு போறது எவ்வளவுன்னு நீயே பாத்துக்க.

அந்த 900, 500 கணக்க மறந்துராத. நாலஞ்சு வருஷம் கழிச்சு நீ ஹையர் ஸ்கில்டு ஆனேன்னா உன்னால கம்பெனிக்கு மாசம் 400 வெள்ளி மிச்சம். அதச் சொல்லி சம்பளம் ஏத்திக் கேக்கலாம், நான் கேட்டு வாங்கிருக்கேன்.

அறந்தாங்கி_அக்கா

நான் இங்க எழுதுறதே கம்மி, ஆனா தம்பி அப்பா நகைய வைக்கப் போறாருன்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

எங்க வீட்டுக்காரர் போனப்ப நாங்களும் வட்டிக்குத்தான் வாங்குனோம், நூத்துக்கு மூணு வட்டி. நீங்க கட்டப்போற மூணரை லட்சத்துக்கு மூணு வட்டின்னா மாசம் 10,500 ரூபாய் வட்டிக்கே போயிரும் தம்பி, அசல் அப்படியே நிக்கும். இப்ப நாளைக்கு 18 வெள்ளி சம்பளத்துல ஓட்டி இல்லாத ஒரு மாசத்த போட்டு பாருங்க. 468ல சாப்பாட்டுக்கும் போனுக்கும் 200 போனா மிச்சம் 268, அது ஊர் காசுக்கு 17,400 சொச்சம். அதுல வட்டி போக ஏழாயிரம் கூட கையில நிக்காது. ஏழாயிரத்துக்கு ஒரத்தநாட்டுலயே வேலை இருக்கே. மழை நாளு, சைட் முடிஞ்சு அடுத்த சைட் ஆரம்பிக்கிற வரைக்கும் சும்மா உக்கார்ற நாளு, இதெல்லாம் ஏஜென்ட் வாயில வராது.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். எங்க வீட்டுக்காரர் இருந்த கம்பெனி பேர இங்க சொல்ல வேணாம், நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, திடீர்னு சம்பளம் லேட்டாக ஆரம்பிச்சு அப்புறம் சுத்தமா நின்னுருச்சு. அப்ப அவரக் காப்பாத்துனது ஒரு பழக்கம்தான். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் டைம் கார்ட போன்ல போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல போட்டுட்டுத்தான் சாப்பிடப் போவாரு. நான் இங்க ஒரு ரூல் போட்ட நோட்டுல தேதி, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம்னு எழுதி வைப்பேன். ஏன்டி இதெல்லாம் எழுதுறன்னு மாமியார் கேப்பாங்க. கேஸ் போட்டப்போ கம்பெனிக்காரன் ஓட்டியே பாக்கலன்னு சாதிச்சான், இவரு அந்தப் போட்டோவ ஒண்ணொண்ணா தள்ளிக் காட்டுனாரு. முழுசா வரல, பெரும்பகுதி வந்துச்சு. அதோட வேற கம்பெனி தேடிக்கவும் விட்டாங்க.

மன்னை_மேஸ்திரி

அக்கா சொன்னத படிச்சேன். வட்டிக்கணக்க நான் இப்படி உக்காந்து போட்டுப் பாத்ததில்ல, எங்க வீட்டுல நெலம் இருந்துச்சு, வட்டிக்கு வாங்கல. வட்டிக்கு வாங்கித்தான் போகணும்னா கதையே வேற, அத ஒத்துக்குறேன்.

ஆனாலும் ஒண்ணு கேக்குறேன், அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. ஏஜென்டே இல்லாம எப்படி போறது? சட்டமெல்லாம் சரி, ஊருல உக்காந்திருக்குற பையனுக்கு சிங்கப்பூர் கம்பெனிக்காரன எப்படித் தெரியும்?

தேக்கா_தன்னார்வலர்

நியாயமான கேள்விண்ணே. ஏஜென்டே வேணாம்னு நான் சொல்லல. எந்த ஏஜென்ட், எவ்வளவு, ரசீது இருக்கா, இதான் கேள்வி.

சிங்கப்பூர் பக்கம் லைசென்ஸ் உள்ள ஏஜென்சி தொழிலாளிகிட்ட வாங்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கு: வருஷத்துக்கு ஒரு மாச சம்பளம், அதிகபட்சம் ரெண்டு மாச சம்பளம். எந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்குன்னு எம்ஓஎம் பட்டியல் போட்டிருக்கு, பேரப் போட்டு தேடலாம். இந்தியா பக்கம் 1983ஆம் வருஷத்து குடியேற்றச் சட்டப்படி பதிவு பண்ண ஏஜென்ட்தான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம், அவரு வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஈமைக்ரேட் வெப்சைட்ல பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு அரசோட ஓஎம்சிஎல்னு ஒரு கார்ப்பரேஷன் சென்னையில 1978லேர்ந்து இருக்கு, வெளிநாட்டு வேலைக்கு அவங்களும் ஆள் எடுக்குறாங்க, அங்கயும் பதிவு பண்ணி வைக்கலாம்.

நடைமுறையில என்ன நடக்குதுன்னா ஊருல உள்ளவரு சப் ஏஜென்ட், அவருக்கு மேல திருச்சியில ஒருத்தரு, அவருக்கு மேல சென்னையில டெஸ்ட் சென்டர் பக்கம் ஒருத்தரு, சிங்கப்பூர்ல ஒருத்தரு. ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் நிக்கும். ஊர்ல கையில குடுத்த காசுக்கு சிங்கப்பூர் சட்டம் எட்டாது, அதனால ரசீது இல்லாம ரொக்கமா குடுக்காத. பேங்க்ல ஏஜென்ட் பேருக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணு, எதுக்குன்னு ஒரு வரி எழுது. பேங்க்ல வேணாம்னு சொல்றவர்கிட்ட ஏன்னு கேளு.

சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க வேலை பாக்குற கம்பெனில நேரா ஆள் எடுக்குறதும் நடக்குது. எங்கிட்ட வர்ற பசங்கள்ல செலவு கம்மியா வந்தவன் எல்லாம் பெரும்பாலும் அப்படி வந்தவன்தான். ஃபோர்மேன் மாதிரி ஆட்கள் சைட்ல நல்ல பேரு எடுத்துருந்தா மொதலாளி அவங்க சொல்ற ஆள எடுத்துக்குவாரு.

கீரனூர்_பாண்டி

எனக்கு ஒரு சந்தேகம். நான் ஒன்பதாவதோட நின்னுட்டேன், பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு, சில நாட்டுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேணுங்குற குறிப்பு, இருக்கு. திருச்சி ஏர்போர்ட்ல நிறுத்திருவாங்கன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, அத சரி பண்ண தனியா இருபதாயிரம் கேக்குறாரு.

துவாஸ்_ஃபோர்மேன்

குடுக்காதீங்க பாண்டி. ஈசிஆர் லிஸ்ட்ல வளைகுடா நாடு, மலேசியா மாதிரி நாடுங்கதான் இருக்கு, சிங்கப்பூர் அந்த லிஸ்ட்ல இல்ல. சிங்கப்பூருக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவையே இல்ல. இருபதாயிரம் சும்மா வாங்கப் பாக்குறாரு.

ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, ஒரத்தநாடு தம்பியும் கேட்டுக்க. துபாய்க்கோ சவுதிக்கோ ஈசிஆர் பாஸ்போர்ட்ல போறவனுக்கு இந்தியா பக்கம் ஒரு ஆபீஸர் கான்ட்ராக்ட்ட பாக்குறாரு. சிங்கப்பூருக்கு அந்த சோதனை இல்ல. உன் சம்பளம் என்னன்னு ஊர்ல யாரும் பாக்கப் போறதில்ல. ஐபிஏ ஒண்ணுதான் எழுத்துல இருக்குற ஆதாரம், அத நீதான் படிக்கணும்.

காரைக்குடி_மாஸ்டர்

நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கங்க. நான் புரோட்டா மாஸ்டர். என்டிஎஸ் பெர்மிட்னு யூடியூப்ல எல்லாரும் பேசுறாங்க, ஓட்டல் வேலைக்கு டெஸ்ட் இல்லாமயே போகலாமாம், ஆறு லட்சம் கேக்குறாங்க. இது உண்மையா டுபாக்கூரா?

தேக்கா_தன்னார்வலர்

பெர்மிட் உண்மை, ஆறு லட்சம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். என்டிஎஸ்னா நான் டிரடிஷனல் சோர்ஸ், இந்தியா, பங்களாதேஷ் மாதிரி நாடுகளுக்கு சிங்கப்பூர் வச்ச பேரு. முன்னாடி இந்தியாலேர்ந்து ஓட்டல் மாதிரி சர்வீஸ் வேலைக்கு ஒர்க் பெர்மிட்ல எடுக்க முடியாது. 2023 செப்டம்பர்லேர்ந்து சில குறிப்பிட்ட வேலைக்கு தொறந்து விட்டாங்க, அதுல இந்திய உணவகத்துக்கு சமையல்காரரும் ஒண்ணு. 2025 செப்டம்பர்ல எல்லா சமையல்காரருக்கும், கனரக வண்டி டிரைவருக்கும், ஃபேக்டரி ஆபரேட்டருக்கும் விரிச்சிருக்காங்க.

மாஸ்டர் நீங்க பாக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, இந்தப் பட்டியல்ல வர்ற ஆளுக்கு நிலையான சம்பளம் மாசம் கொறஞ்சது 2,000 வெள்ளி குடுக்கணும். 1,200 தர்றோம், 1,400 தர்றோம்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்துங்க. ரெண்டாவது, ஒரு கம்பெனி தன் மொத்த ஆளுல 8 சதவீதம் வரைக்கும்தான் இப்படி எடுக்கலாம். பத்து பேரு வேலை பாக்குற கடை நாலு புரோட்டா மாஸ்டர எடுக்குதுன்னு சொன்னா கணக்கு இடிக்குது.

இன்னொண்ணு, இத ரொம்ப அழுத்தி சொல்றேன்: "டூரிஸ்ட் விசால வந்துருங்க, வந்தப்புறம் பெர்மிட் போட்டுக்கலாம்"னு யாரு சொன்னாலும் ஏறாதீங்க. அந்த விசால வேலை பாத்தா குத்தம், மாட்டுனா ஜெயிலு, ஊருக்கு அனுப்பி திரும்ப வரவே விட மாட்டாங்க. சில ஏஜென்ட் தாய்லாந்து வழியா போலாம்னு சொல்வாங்க. 2022ல நம்ம பசங்கள தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டுப் போயி மியான்மர்ல மியாவாடில சைபர் மோசடி கும்பல்கிட்ட அடைச்சு வச்சாங்களே, அவங்களும் டூரிஸ்ட் மாதிரிதான் ஃப்ளைட் ஏறுனாங்க.

வவுனியா_வெல்டர்

அண்ணை, நான் இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட ஆக்களுக்கும் உதே நடைமுறைதானோ? இஞ்ச ஏஜென்சிக்காரர் ஆறு இலட்சம் இலங்கைக் காசு கேக்கினம்.

துவாஸ்_ஃபோர்மேன்

கன்ஸ்ட்ரக்‌ஷன்ல இலங்கையும் இந்தியா, பங்களாதேஷ் இருக்குற அதே வகையிலதான் வருது தம்பி, டெஸ்ட், ஐபிஏ, லெவி எல்லாம் ஒண்ணுதான். உங்களுக்கு கூடுதலா ஒண்ணு, கெளம்புறதுக்கு முன்னாடி உங்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல பதிஞ்சாகணும். ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கான்னும் அங்கயே கேட்டுக்கலாம். எங்க சைட்ல வவுனியா பையன் ஒருத்தன் இருக்கான், அவன் அப்படித்தான் விசாரிச்சு வந்தான்.

ஒரத்தநாடு_ஃபிட்டர்

அண்ணன்களே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நடந்தத சொல்றேன்.

தமிழ் பக்கம் கேட்டதுக்கு மொதல்ல ஏஜென்ட் கோவப்பட்டாரு. "உனக்கு யாரு சொல்லிக் குடுக்குறா, நெட்ல படிச்சிட்டு வந்து எங்கிட்ட பேசுறியா"ன்னு கேட்டாரு. நான் சத்தம் போடல, அண்ணே அப்பா பாக்கணுங்குறாரு, அவருக்கு தமிழ்தான் தெரியும்னு சொன்னேன். ராத்திரி அனுப்புனாரு. பேசிக் 800, அலவன்ஸ் ஒண்ணுமில்ல, பிடித்தமும் ஒண்ணுமில்ல. எம்ஓஎம் சைட்ல என் பாஸ்போர்ட் நம்பர் போட்டு பாத்தேன், அப்ரூவ் ஆனதுதான், கம்பெனி பேரும் சரியா இருக்கு.

இப்ப புதுசா ஒரு பேப்பர் குடுத்துருக்காரு. நூறு ரூபா பத்திரத்துல, நாளொன்றுக்கு 18 வெள்ளிக்கு சம்மதிக்கிறேன், ஐபிஏ சம்பளம் கேக்க மாட்டேன், ரெண்டு வருஷத்துக்கு கம்பெனி மாற மாட்டேன்னு எழுதியிருக்கு. பாக்கிப் பணத்தோட இதுல கையெழுத்து போட்டுக் குடுத்தாத்தான் டிக்கெட்டாம். என்ன பண்ணட்டும்?

தேக்கா_தன்னார்வலர்

போடாத. அந்தப் பத்திரத்த ரெண்டு பக்கமும் தெளிவா போட்டோ எடுத்து பத்திரமா வச்சுக்க. சம்பளத்த கொறைச்சுத்தான் குடுக்கப் போறாங்கங்குறதுக்கு அவரே எழுதிக் குடுத்த சாட்சி அது.

ஏஜென்ட் தனியா பண்றாரா கம்பெனிக்கும் தெரியுமான்னு இப்ப நமக்கு தெரியல. கம்பெனி பேரு இருக்குல்ல, ஆபீஸ் நம்பர் இன்டர்நெட்லயே கெடைக்கும். சிங்கப்பூர்ல இருக்குற யாராவது ஒருத்தர விட்டு எச்ஆர்க்கு பேசச் சொல்லு, சண்டையா இல்ல, "இந்த ஐபிஏ ஆளு வர்றாரு, பேசிக் 800தானே, ரூம் யாரு தர்றது, டிக்கெட் யாரு போடுறது"ன்னு மட்டும் கேக்கச் சொல்லு. அந்தப் பதில வச்சு முடிவு பண்ணலாம்.

மன்னை_மேஸ்திரி

தம்பி பத்திரத்துல கையெழுத்து மட்டும் வேண்டாம். பணம் கட்டுறது ஊர் வழக்கம், அது வேற. கையெழுத்து போட்டு சம்பளத்த எழுதிக் குடுக்குறத நானும் ஒத்துக்க மாட்டேன். எங்க காலத்துல இப்படி பத்திரம் கெடையாது. எச்ஆர்கிட்ட பேச ஆளு வேணும்னா சொல்லு, என் தம்பி அங்கதான் இருக்கான்.

ஒரத்தநாடு_ஃபிட்டர்

மேஸ்திரி அண்ணே, உங்க தம்பி பேசிட்டாரு, ரொம்ப நன்றி. கம்பெனி எச்ஆர் அம்மா, பேசிக் 800, ரூம் கம்பெனி டார்மிட்டரி, காசு புடிக்கிறதில்ல, டிக்கெட்டும் நாங்களே போடுறோம்னு சொல்லிருக்காங்க. பத்திரத்த பத்தி அவங்களுக்கு தெரியவே தெரியாதாம், அத அனுப்பச் சொன்னாங்க, அனுப்பிட்டேன். டிக்கெட் நேரா என் மெயிலுக்கு வரும்னு சொல்லிருக்காங்க.

அப்பா நகைய வைக்கல. ஏஜென்ட்ட நானும் பெரியப்பாவும் போயி பேசுனோம், குடுத்த ஒரு லட்சத்துக்கு ரசீது எழுதி வாங்கிட்டோம், மேல குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டோம். கத்துனாரு. பெரியப்பா கடைசி வரைக்கும் பொறுமையா பேசுனாரு.

போயி எறங்குனதும் என்னென்ன நடக்கும்னு சொல்லுங்களேன்.

துவாஸ்_ஃபோர்மேன்

நல்ல காரியம் பண்ணிருக்க. ஐபிஏவ தமிழ் பக்கத்தோட ரெண்டு பிரின்ட் எடுத்து ஒண்ணு ஹேண்ட் பேக்ல, ஒண்ணு வீட்டுல வை. ஒரு காப்பிய உனக்கே மெயில் பண்ணிக்க, போன் தொலைஞ்சாலும் இருக்கும்.

எறங்குனதும் ஆன்போர்டிங் சென்டருக்கு கூட்டிட்டுப் போவாங்க. அங்கயே மெடிக்கல் எடுத்து, செட்லிங் இன் வகுப்புல உன் உரிமை என்ன, யார்கிட்ட புகார் பண்ணணும்னு தமிழ்லயே சொல்லுவாங்க, தூங்கிடாத. அப்புறம் சேஃப்டி கோர்ஸ், அது பாஸ் பண்ணாம சைட்ல எறங்க முடியாது. போட்டோ, கைரேகை எடுத்தப்புறம் கார்டு வரும்.

பாஸ்போர்ட்ட கம்பெனில வச்சுக்கிறோம்னு கேட்டா நானே வச்சுக்கிறேன்னு சொல்லு, உன் பாஸ்போர்ட்ட புடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமையில்ல. சம்பளம் பேங்க் அக்கவுன்ட்லதான் வரணும், மாசம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள, ஓட்டிக் காசு பதினாலு நாளைக்குள்ள. பேஸ்லிப் கட்டாயம். ஏடிஎம் கார்ட யாருகிட்டயும் குடுக்காத, ஃபோர்மேன் கேட்டாலும் குடுக்காத, நான் கேட்டாலும் குடுக்காத. அக்கா சொன்ன டைம் கார்டு போட்டோவ முதல் நாள்லேர்ந்தே ஆரம்பி.

அறந்தாங்கி_அக்கா

போயிட்டு நல்லபடியா வாங்க தம்பி. அம்மாவ ஒரு நோட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்க.

கிராஞ்சி_லோகு

இந்த இழைய முழுசா படிச்சேன். என் மச்சான் கன்ஸ்ட்ரக்‌ஷன்லதான் இருக்கான், பெர்மிட் ரெண்டு மாசத்துல முடியுது. வேற கம்பெனில அதிக சம்பளத்துக்கு கூப்புடுறாங்க, ஆனா இப்ப உள்ள மொதலாளி ரிலீஸ் லெட்டர் தர மாட்டேங்குறாரு. ஊருக்கு வந்துட்டு திரும்ப புதுசா பணம் கட்டித்தான் போகணுமா?

தேக்கா_தன்னார்வலர்

வேண்டாம் லோகு. கன்ஸ்ட்ரக்‌ஷன் பெர்மிட்ல, பெர்மிட் முடியிற தேதிக்கு முன்னாடி 40ஆவது நாள்லேர்ந்து 21ஆவது நாள் வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கு. அந்த நாட்களுக்குள்ள புதுக் கம்பெனி அவருக்கு அப்ளை பண்ணா பழைய மொதலாளியோட சம்மதம் தேவையில்ல. 21 நாளைக்குள்ள வந்துட்டா அந்த இடைவெளி முடிஞ்சிரும், அதனால நாள விட்டுறக் கூடாது. கார்டுல உள்ள முடியிற தேதியப் பாத்து அதுலேர்ந்து 40 நாள் பின்னாடி எண்ணி காலண்டர்ல குறிச்சு வைக்கச் சொல்லுங்க, புதுக் கம்பெனிகிட்ட அந்தத் தேதியச் சொல்லி அன்னைக்கே அப்ளை பண்ணச் சொல்லுங்க. புது ஐபிஏ வந்ததும் அதுல உள்ள சம்பளத்த படிச்சிட்டு, பேசுன தொகை அதேதானான்னு பாத்துட்டு சரின்னு சொல்லச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தா ஞாயித்துக்கெழம மதியத்துக்கு மேல தேக்கா பக்கம் வரச் சொல்லுங்க, ஐபிஏவ எடுத்துட்டு வரட்டும்.